மறைக்கச் சொன்ன காலமும் சொல்லச் சொல்லும் காலமும்

1980களில் குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து கைக்குழந்தையை எடுத்துவந்த தம்பதிக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆனாலும் பாடம் நடந்தது. மாமியார் கொஞ்சம், குடும்ப டாக்டர் கொஞ்சம், விவரம் தெரிந்த அக்கா ஒருத்தி கொஞ்சம் என்று ஆளுக்கொரு பக்கம் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொள். ஆறேழு மாதம் அம்மா வீட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கண் மறைவாக இரு. திரும்பி வரும்போது கையில் குழந்தை இருக்கட்டும். வயிற்றில் துணியைக் கட்டிக்கொண்டு வளைகாப்புக்கு மணையில் உட்கார்ந்த பெண்கள் இருந்தார்கள். பெற்றவர்கள் போலவே தெரியவேண்டும் என்று குழந்தையின் நிறத்தைப் பார்த்து, மூக்கைப் பார்த்துத் தேர்ந்தவர்களும் இருந்தார்கள். பாடத்தின் சாரம் ஒன்றுதான்: யாருக்கும் தெரியக்கூடாது, முக்கியமாகக் குழந்தைக்குத் தெரியக்கூடாது.

இன்று தத்தெடுக்கப் பதிவு செய்யும் தம்பதி கேட்கும் முதல் பாடம் இதற்கு நேர் எதிரானது. குழந்தைக்குச் சொல்லுங்கள். பேச்சு வருவதற்கு முன்பே சொல்லிப் பழகுங்கள். சொல்வது உங்கள் வாய்க்குத்தான் முதலில் பழகவேண்டும். தூங்க வைக்கும்போது சொல்லும் கதைகளில் ஒன்றாக அது இருக்கட்டும். நாங்கள் காத்திருந்தோம், ஒரு போன் வந்தது, ரயில் ஏறி வந்தோம், நீ நீலச் சட்டை போட்டிருந்தாய். பிள்ளை மூன்று வயதில் அதை நூறாவது முறையாகக் கேட்கும். பத்து வயதில் அதன் பொருள் முழுதாக விளங்கும்போது, அது புதிதாக வந்து தாக்கும் செய்தியாக இராது. ஆலோசகர்கள் இப்படித்தான் விளக்குகிறார்கள்.

நாற்பதாண்டுகளில் பாடம் இவ்வளவு தூரம் புரண்டதற்கு மனம் மாறியது மட்டும் காரணமில்லை. தத்தெடுத்த வீட்டைச் சுற்றி யார் நின்றார்கள் என்பது மாறியது. அதற்கேற்ப அந்த வீடு எதைக் கற்கவேண்டியிருந்தது என்பதும் மாறியது.

இன்னும் பின்னால் போனால் மறைக்கும் பேச்சே இல்லை. பழைய இந்து முறையில் தத்து என்பது ஊரறியச் செய்யவேண்டிய காரியம். கொடுப்பவரும் வாங்குபவரும் சபையில் நின்று பிள்ளையைக் கைமாற்றிக்கொள்ளவேண்டும்; பல சாதிகளில் தத்த ஹோமம், சிலவற்றில் மஞ்சள் நீர். அண்ணன் பிள்ளை தம்பி வீட்டுக்கு வந்தான். பங்காளி வீட்டுப் பிள்ளை சந்ததியில்லாத பெரியப்பா வீட்டுக்கு வந்தான். வந்தவன் எப்போதும் பையன். கொள்ளி வைக்கவும் சொத்தைக் காக்கவும் அவன் வேண்டியிருந்தது. 1855இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததைச் சாக்காக வைத்துக் கும்பெனி அந்த அரசையே முடித்துக்கொண்டது என்பதை நினைத்தால், ஒரு பையனைத் தத்தெடுப்பது எவ்வளவு கனமான காரியமாக இருந்தது என்று புரியும்.

பெண்ணின் இடம் எதுவாக இருந்தது என்பதற்கு ராமநாதபுரம் சமஸ்தானத்து வழக்கு சாட்சி. கணவன் இறந்த பிறகு ராணி ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கலாமா என்ற கேள்வி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1868இல் வந்த தீர்ப்பு, தென்னாட்டு வழக்கப்படி கணவனின் சம்மதம் இல்லாவிட்டாலும் அவனுடைய உறவினர்களின் சம்மதம் இருந்தால் விதவை தத்தெடுக்கலாம் என்றது. அக்காலத்துக்கு அது பெரிய சலுகை. ஆனால் தாயாக விரும்பியவள் யாரிடம் போய் நிற்கவேண்டியிருந்தது என்று பாருங்கள். அந்தப் பிள்ளை வராவிட்டால் சொத்து தங்களுக்கே வரும் என்ற நிலையில் இருந்த பங்காளிகளும் அந்த உறவினர்களில் அடக்கம்.

செட்டிநாட்டு நகரத்தாரிடம் இந்த ஏற்பாடு தெளிவாக ஒழுங்குபட்டிருந்தது. பிள்ளை கூட்டிக்கொள்வது என்பார்கள். ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள்ளேயே கூட்டிக்கொள்வது வழக்கம். கைக்குழந்தையைத்தான் எடுக்கவேண்டும் என்றில்லை, வளர்ந்த பையனையும் மணமானவனையும்கூடக் கூட்டிக்கொள்ளலாம். 1956இல் வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட, மணமாகாத பிள்ளையையே தத்தெடுக்கலாம் என்று விதித்தபோது, வேறு வழக்கம் உள்ளவர்களுக்கு விலக்கும் கொடுத்தது. இந்த முறையில் யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. எடுத்தவள் பிள்ளையின் பெரியம்மா. பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது, எதற்குப் பயப்படும் என்று முன்பே தெரியும். காய்ச்சல் வந்தால் பெற்றவளே நாலு வீடு தள்ளி இருந்து ஓடிவருவாள். அவன் கேட்கவேண்டிய கேள்வியும் இல்லை, அவனுக்குச் சொல்லவேண்டிய ரகசியமும் இல்லை.

ஆனால் அந்த வீடுகளை அண்ணாந்து பார்த்து ஏங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடப் பழகிய பையன்கள், விசேஷ வீடுகளில் அவள் தன் மற்றப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடுவதைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள். சுற்றி நின்ற உறவு தாங்கிப் பிடித்தது. அதுவே கணக்கும் பார்த்தது. எடுத்தவர்களுக்குப் பின்னால் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், தத்து வந்தவனின் தட்டில் விழும் கறித்துண்டின் அளவு மாறியது. மனஸ்தாபம் முற்றி, பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனதும் உண்டு. அன்று அதைக் குடும்பச் சண்டை என்றார்கள். எத்தனை பிள்ளைகள் அப்படித் திரும்பின என்று எண்ணியவர் இல்லை.

1956 சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்க வழி திறந்தது; மணமாகாத பெண்ணும் விதவையும் தம் பெயரிலேயே தத்தெடுக்கலாம் என்றது. கணவன் உள்ள பெண்ணுக்கு அந்த உரிமை வர 2010 வரை ஆனது. 1962இல் வந்த ஒரு சிறு திருத்தம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, ஆனால் விளைவில் பெரியது: பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தையை, நீதிமன்ற அனுமதியோடு, அதன் காப்பாளர் தத்துக் கொடுக்கலாம். அதுவரை உறவுக்குள் மட்டும் நடந்த ஒன்று, முன்பின் தெரியாத இரண்டு தரப்புகளுக்கு இடையிலும் சட்டப்படி நடக்கலாம் என்றானது. இல்லங்களின் காலம் இதன் மேல்தான் வளர்ந்தது. ரகசியத்தின் காலமும் இதோடு வந்ததுதான். உறவுப் பிள்ளையை எடுத்தவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. சாதி தெரியாத, பெற்றவள் யாரென்று தெரியாத பிள்ளையை எடுத்தவருக்கு ஊரின் வாயே பெரிய பயமாக இருந்தது. முன்பு தாங்கிப் பிடித்த அதே உறவு இப்போது ஒளிந்துகொள்ளவேண்டிய இடமாயிற்று.

அந்தத் தனிமையில் தம்பதிக்குத் துணையாக இருந்தது பெரும்பாலும் ஒரே ஒருவர்: இல்லத்துச் சமூகப் பணியாளர். 'மேடம்' என்றோ 'சிஸ்டர்' என்றோ அழைக்கப்பட்ட அந்தப் பெண்மணிக்குக் குழந்தை இல்லத்துக்கு வந்த கதையும் தெரியும், தம்பதியின் ஒன்பதாண்டு மருத்துவமனை அலைச்சலும் தெரியும். எந்தக் குழந்தை எந்த மடிக்கு என்று அவர் மனத்துக்குள் முடிவு செய்துகொண்டுதான் கடிதம் போட்டார். வீட்டுக்கு வந்து சமையலறையை எட்டிப் பார்த்தார். மாமியாரிடம் தனியாகப் பேசினார். குழந்தை பால் குடிக்காத இரவில் அவர் வீட்டு நம்பருக்குத்தான் போன் போகும். முதல் பிறந்தநாளுக்கு 'தூரத்து உறவு' என்ற பெயரில் வந்து உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போவார். பயிற்சி, ஆலோசனை, கண்காணிப்பு என்று இன்று மூன்று துறையினர் பிரித்துச் செய்யும் வேலையை ஒரே கைப்பை சுமந்தது.

அந்தக் கைப்பைக்குள் அதிகாரமும் இருந்தது. தனக்குப் பிடித்தவர்களுக்குக் குழந்தை சீக்கிரம் கிடைத்தது. பிடிக்காதவர்கள் ஏனென்று தெரியாமலே காத்திருந்தார்கள். 'நன்கொடை' எவ்வளவு என்பது ஆளைப் பார்த்து மாறிய இடங்கள் இருந்தன. வெளிநாட்டுக்குக் குழந்தைகள் போவதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்காகி, 1984இல் நீதிபதி பி.என். பகவதி நெறிமுறைகளை வகுத்தார். அதன் தொடர்ச்சியாக 1990இல் மத்திய தத்தெடுப்பு அமைப்பான 'காரா' பிறந்தது. அதற்குப் பிறகும், 2005 வாக்கில், சென்னையில் தெருவோரத்தில் தூங்கிய குழந்தைகளைத் திருடித் தத்துக்கு அனுப்பிய வழக்கு வெளியே வந்தது. பிள்ளையைத் தேடி வருடக்கணக்கில் அலைந்த ஏழைத் தாய்மார்களுக்கு, அது கடல் கடந்து வேறு பெயரில் வளர்வது தெரியவந்தது. நல்ல மனம் கொண்ட ஒரு பணியாளரை நம்பி ஓர் ஏற்பாட்டை நடத்தமுடியாது என்று அரசு முடிவெடுத்ததற்கு இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு. இன்றைய இணையதளத்தின் மீது எரிச்சல் வரும்போது இதையும் நினைத்துக்கொள்ளவேண்டும்.

இன்னொரு பக்கம், இல்லங்களுக்குக் குழந்தைகள் வந்த வழி. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை பற்றி 1986இல் செய்தி வெளியாகி நாடே திடுக்கிட்டது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிந்தது. கேள்வி கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொள்வதுதான் அதன் அடிப்படை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். ஒரு காலத்தில் பையனைத் தவிர யாரையும் தத்தெடுக்க முடியாதிருந்த சமூகத்தில், இன்று ஆண்டுதோறும் பையன்களைவிடப் பெண் குழந்தைகளே அதிகம் தத்துப் போகிறார்கள். இதை முழுவதும் மனமாற்றத்தின் கணக்கில் எழுதிவிடமுடியாது. இல்லங்களுக்கு வந்து சேர்வதில் பெண் குழந்தைகள் அதிகம் என்பதும் அதில் உண்டு. ஆனாலும் மகள்தான் வேண்டும் என்று படிவத்தில் குறிக்கும் தம்பதிகள் இருக்கிறார்கள். அதை அவர்களின் தாத்தாக்கள் நம்பியிருக்கமாட்டார்கள்.

இந்து அல்லாதவருக்கு நிலைமை வேறாக இருந்தது. கிறிஸ்தவ, முஸ்லிம், பார்சி தம்பதிகள் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி காப்பாளராக மட்டுமே ஆகமுடியும். குழந்தைக்குச் சோறும் படிப்பும் கொடுக்கலாம், சட்டப்படி மகளென்று ஆக்கமுடியாது. இளைஞர் நீதிச் சட்டம் 2000இல் வந்து 2006இல் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்தது. 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சட்டம் செய்த காரியங்களில் ஐயமின்றி லாபக் கணக்கில் எழுதக்கூடியது இது.

2015 ஆகஸ்டிலிருந்து எல்லாம் இணையவழி. நாடு முழுவதற்கும் ஒரே வரிசை, பதிவு செய்த தேதிப்படி மூப்பு. வருமானச் சான்று, மருத்துவச் சான்று, இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை ஏற்றவேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து தயாரிக்கும் அறிக்கை மூன்றாண்டுகளுக்குச் செல்லும். முறை வரும்போது குழந்தையின் புகைப்படமும் மருத்துவ அறிக்கையும் திரையில் தெரியும். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லவேண்டும். முன்பு நீதிமன்றம் தந்த ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். யார் கையையும் பிடிக்கவேண்டாம், யாருக்கும் உறை கொடுக்கவேண்டாம். நம் ஊரில் இது சின்ன விஷயமல்ல. 2019இல் ராசிபுரத்தில் குழந்தைகளுக்கு நிறத்துக்கும் எடைக்கும் ஏற்ப விலை சொன்ன ஓய்வுபெற்ற நர்ஸின் தொலைபேசிப் பேச்சை வாட்ஸ்அப்பில் தமிழ்நாடே கேட்டது. அந்தக் குறுக்குச் சந்துக்கு எதிரே நேர்வழி ஒன்று இருக்கிறது என்றால் அது இந்த வரிசைதான்.

வரிசை நீளமானது. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றக் குழு தந்த அறிக்கைப்படி, 2017இல் ஏறத்தாழ 18,000 ஆக இருந்த காத்திருக்கும் பெற்றோர் எண்ணிக்கை 2021 டிசம்பரில் 27,939 ஆகியிருந்தது. அதே வேளையில் சட்டப்படி தத்துக்குத் தயாராக இருந்த குழந்தைகள் 2,430 பேர். ஓராண்டாக இருந்த காத்திருப்பு மூன்றாண்டானது. 2010இல் நாட்டுக்குள்ளேயே தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள் 5,693. பல ஆண்டுச் சரிவுக்குப் பிறகு 2024-25இல் அது 4,155. வெளிநாட்டுக்குப் போனவர்களையும் சேர்த்து 4,515 என்ற அந்த ஆண்டின் எண்ணிக்கை பன்னிரண்டு ஆண்டுகளில் இல்லாத உயர்வு என்று கொண்டாடப்பட்டது. பழைய ஏட்டைப் புரட்டினால் அந்த உயர்வின் உயரம் கொஞ்சம் குறைந்துதான் தெரிகிறது.

அந்த மூன்றாண்டுகள் என்ன ஆகின்றன? கருவுற்ற பெண்ணுக்கு ஒன்பது மாதமும் மாதாமாதம் யாரோ ஒருவர் எடை பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள், பிறந்த வீட்டில் ஐந்து வகைச் சோறு கட்டிக் கொடுக்கிறார்கள். வரிசையில் இருப்பவர்களுக்கு ஒரு எண் மட்டும் இருக்கிறது. அது இறங்குகிறதா என்று இரவில் போனை எடுத்துப் பார்க்கிறார்கள். வீட்டு அறிக்கைக்காக வந்தபோது ஒருமுறை அமர்ந்து பேசியதும் கொடுத்துவிட்டுப் போன கையேடும்தான் பலருக்குக் கிடைத்த முழுத் தயாரிப்பு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்கும் சமூகப் பணியாளர் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் அவருடைய மேஜையில் குழந்தைத் திருமணமும் போக்சோ வழக்கும் பள்ளி இடைநிற்றலும் அடுக்கிக் கிடக்கும். கேசரி சாப்பிட வர அவருக்கு நேரமில்லை.

தயாரிப்பின் தேவையோ முன்பைவிடக் கூடியிருக்கிறது. அன்று எடுக்கப்பட்டவை பெரும்பாலும் கைக்குழந்தைகள். இன்று தம்பதியின் கூட்டு வயது 85ஐத் தாண்டினால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கிடையாது. தனியாக எடுப்பவருக்கு அந்த எல்லை 40. மருத்துவமனைகளிலும் வரிசையிலுமாக வயது போய்விடுவதால், ஐந்து வயது, எட்டு வயதுப் பிள்ளைகளை ஏற்கும் வீடுகள் பெருகுகின்றன. அந்தப் பிள்ளை வெறும் கையோடு வருவதில்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, சில நேரம் வேறொரு மொழி இருக்கிறது, இல்லத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்த தோழி இருக்கிறாள். முதல் சில வாரங்கள் சொன்னதெல்லாம் கேட்கும். புது வீட்டார் பூரித்துப்போவார்கள். பிறகு ஒருநாள் தட்டு பறக்கும். தலையணைக்கு அடியில் காய்ந்த சப்பாத்தி இருக்கும். எத்தனை நாள் வைத்துக்கொள்வீர்கள் என்று சோதித்துப் பார்க்கும் நடத்தை அது என்று ஆலோசகர்கள் சொல்வார்கள். முன்கூட்டிக் கேள்விப்பட்ட தாய் அடுத்த நாள் கட்டிலருகே ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்து, இது எப்போதும் உனக்குத்தான் என்பாள். கேள்விப்படாதவள், திருட்டுப் பழக்கம் என்று புரிந்துகொள்வாள்.

அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் விலை பெரியது. 2020 தொடக்கத்தில் வெளியான செய்தி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் 1,100க்கு மேற்பட்ட குழந்தைகள் தத்தெடுத்தவர்களால் இல்லங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாகக் கூறியது. அவர்களில் பலர் ஆறு வயதைத் தாண்டியவர்கள். அன்று குடும்பச் சண்டையாகக் கரைந்துபோனது இன்று எண்ணாகப் பதிவாகிறது. பதிவானதால்தான் கேள்வி எழுந்தது. 2025 ஜூலையில் காரா, தத்துக்கு முன்னும், நடக்கும்போதும், பின்னும் முறையான ஆலோசனை தரவேண்டும், அதற்கு மாநிலத்திலும் மாவட்டத்திலும் தகுதியான ஆலோசகர்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளவேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. இணையவழி வந்து பத்தாண்டு கழிந்த பிறகு வந்த கடிதம் அது.

இடையில் பெற்றோர்கள் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் 'சுதத்த' போன்ற தத்துப் பெற்றோர் குழுக்கள் வாட்ஸ்அப்புக்கு முன்பே ஒன்றுகூடிப் பழகின. இன்று சென்னை, கோவை என்று ஊருக்கொரு குழு, குழுவுக்கொரு வாட்ஸ்அப். இரவு பதினோரு மணிக்கு ஒரு தாய் தட்டச்சு செய்கிறாள்: ஸ்கூலில் குடும்ப மரம் வரைந்துவரச் சொல்லியிருக்கிறார்கள், என்ன செய்வது? ஐந்து நிமிடத்தில் நாலு பதில். வேரும் இருக்கட்டும், கிளையும் இருக்கட்டும், பிள்ளையிடமே கேளுங்கள் என்று ஒருவர். டீச்சரிடம் முன்கூட்டிப் பேசுங்கள் என்று ஒருவர். டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, ஆஸ்துமா உண்டா என்று கேட்டால் தெரியாது என்று கூச்சமில்லாமல் சொல்வது எப்படி, 'எங்கிருந்து எடுத்தீங்க?' என்று பிள்ளை காதுபடக் கேட்கும் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு என்ன பதில் என்பதெல்லாம் அங்கே பாடம். ஆண்டுக்கு ஒருமுறை பூங்காவிலோ கடற்கரையிலோ கூடும்போது, தன்னைப் போல வேறு முப்பது பிள்ளைகள் ஓடுவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். வகுப்பில் யாரும் சொல்லித்தர முடியாதது அது.

2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், தத்துப்பிள்ளை என்ற செய்தியைச் சிறுமி அமுதாவுக்கு அவளுடைய ஒன்பதாவது பிறந்தநாளில் சொல்வார்கள். அன்று அது துணிச்சலான வெளிப்படைத்தன்மையாகத் தெரிந்தது. இன்றைய குழுக்களில் ஒன்பது வயது என்றால் ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்பார்கள். இருபது ஆண்டுகளில் இந்த அளவுக்கு நகர்ந்திருக்கிறோம்.

இழப்பு இல்லையென்று சொல்லமாட்டேன். வாட்ஸ்அப் குழு அறிவு தரும், ஆறுதல் தரும். குழந்தையை ஒரு மணி நேரம் இடுப்பில் வாங்கிக்கொள்ளாது. அன்று பாட்டியின் ஒப்புதல் இல்லாமல் தத்து நடக்காது. ஒப்புக்கொண்ட பாட்டி பிறகு தூளியை விட்டு நகரமாட்டாள். இன்று சட்டத்துக்குப் பாட்டியின் ஒப்புதல் தேவையில்லை. அதனால் தங்கள் விருப்பப்படி முடிவெடுத்தவர்கள் பலர். அதே காரணத்தால் அடுக்ககத்தில் ஆறு வயதுப் பிள்ளையோடு தனித்து நிற்பவர்களும் பலர். தனியாகத் தத்தெடுக்கும் பெண்களுக்கு இது இன்னும் கூர்மை. 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் தத்துத் தாய்க்கு 12 வார விடுப்புத் தந்தது, குழந்தை மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தால். கைவிடப்பட்ட குழந்தையைத் தத்துக்குத் தயார் என்று அறிவிக்கவே இரண்டு மாதம் வரை ஆகும். பிறகு பொருத்தம் பார்க்கவேண்டும், பயணம் செய்யவேண்டும். அந்த விடுப்பு கைக்கு எட்டியவர்கள் எத்தனை பேர் இருக்கமுடியும்? கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது.

தத்து அல்லாமல், ஒரு குழந்தையைச் சில காலம் வீட்டில் வைத்து வளர்த்துத் தருவதும் நமக்குப் புதிதல்ல. தாய் படுக்கையில் விழுந்தால் பிள்ளை அத்தை வீட்டில் இரண்டு வருடம் படித்தது. காகிதமும் கிடையாது, காசும் கிடையாது, சில வீடுகளில் வேலைக்காரப் பிள்ளையாகவும் ஆக்கப்பட்டது. இன்று அதற்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, 2016இல் வந்து 2024இல் திருத்தப்பட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உண்டு, முன்பு 2,000. தனி நபரும் வளர்க்கலாம். ஐந்தாண்டு வளர்த்தால்தான் தத்தெடுக்கக் கேட்கலாம் என்றிருந்தது இப்போது இரண்டாண்டு. எல்லாம் இருந்தும் முன்வரும் வீடுகள் சொற்பம். பாசம் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா என்று கேட்கிறார்கள். அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, ஏனெனில் திருப்பிக் கொடுத்த பிள்ளை அடுத்த லீவுக்கு அவள் வீட்டுக்குத்தான் வந்தது. திருப்பிக் கொடுப்பதை எப்படித் தாங்குவது என்பதற்குத்தான் வளர்ப்புக் குடும்பங்களுக்கு முதலில் பயிற்சி வேண்டும். இப்போதைக்கு மாத உதவித்தொகை பற்றிய விளக்கம் நன்றாகவே நடக்கிறது.

தத்து முடிந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகள், பணியாளர் வந்து பார்த்து அறிக்கை எழுதவேண்டும் என்பது விதி. கைக்குழந்தையாக வந்த பிள்ளை நடந்து பேசத் தொடங்கும்போது கோப்பு மூடப்படுகிறது. 'என்னை ஏன் கொடுத்தாள்?' என்ற கேள்வி பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வருகிறது. கோபத்தோடு வரும், சில வீடுகளில் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வரும். அந்த வயதில் அந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்பதற்கு விதியில் இடமில்லை.

18 வயதானால் பிள்ளை தானே தன் மூலத்தைத் தேடி விண்ணப்பிக்கலாம். 1980களில் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவர்கள் நடு வயதில் திரும்பி வந்து தேடுகிறார்கள். சில இல்லங்கள் மூடிவிட்டன, சில ஏடுகளைக் கறையான் தின்றுவிட்டது, விவரம் தெரிந்த மேடம்கள் காலமாகிவிட்டார்கள். இணையவழியில் முதலில் வந்த கைக்குழந்தைகள் 2033 வாக்கில் அந்த வயதை எட்டுவார்கள். அவர்களுக்கு ஏடு தொலையாது. பெற்றவளின் பெயரை அவள் விருப்பமின்றிச் சொல்லமாட்டார்கள். கண்டெடுத்த இடம், தேதி, எடை, தடுப்பூசி, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு எண் எல்லாம் கோப்பில் இருக்கும். அந்தப் பெயரை அதற்கு வைத்தது யார், முதல் வாரம் அழுகையை நிறுத்தத் தூக்கிக்கொண்டு நடந்த ஆயா யார் என்று கேட்டால், படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. குழந்தையை வாங்கப் போகும் அன்றைக்கே அந்த ஆயாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் அவரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோர் குழுக்களில் புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.